பேரில்லாதவனைப் பிடித்த பூசணிப்பட்டி

பூசணிப்பட்டிக்காரர்கள் கூடி யோசிக்காமல் எதையும் செய்வதில்லை. ஊர் உருப்படாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த கோமதிநாயகம், பஞ்சாயத்துத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், பேரும் படமும் போடாமல் ஃபேஸ்புக்கில் எழுத்துப்பிழைகளோடு ஒரு பதிவு எழுதினான். பிழை திருத்திப் படித்தால் இப்படி: "தலைவர் கட்டிய குடிநீர்த் தொட்டியில் தண்ணீர் தவிர எல்லாம் இருக்கிறது. நேற்று ஒரு கோழி அடை உட்கார்ந்தது."

ஊரே சிரித்தது. தலைவர் சடையப்பர் சிரிக்கவில்லை. அன்றைக்கே சட்டம் போட்டார். அரசியல் எழுதுகிறவன் பேரோடு எழுத வேண்டும்; பேரில்லாமல் எழுதுகிறவனைக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்ற வேண்டும்; கோழிப் பதிவிலிருந்தே சட்டம் அமலுக்கு வருகிறது.

மாட்டினால் கோமதிநாயகத்துக்குப் பிழைப்பே போய்விடும். கடை இருந்த கட்டடமே தலைவருடையது.

ஆளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை உறுப்பினர் மாடக்கண்ணு ஏற்றுக்கொண்டார். "எழுதினவன் பேரில்லாதவன். ஊர்ல யாருக்குப் பேர் இல்லையோ அவனைப் பிடிச்சா முடிஞ்சுது சோலி," என்றார். எல்லாரும் அசந்துபோனார்கள்.

வீடு வீடாகப் போய் விசாரித்தார். கோமதிநாயகமும் தன் பேரைச் சொன்னான். "அப்போ நீ இல்ல," என்று மாடக்கண்ணு நகர்ந்துவிட்டார்.

கடைசியில் ஊரில் பேரில்லாத ஒரே ஆள் அகப்பட்டான். தலைவரின் பேரன். போன வாரம்தான் பிறந்தவன். என்ன பேர் வைப்பது என்று சம்பந்தி வீட்டோடு தகராறு; அதனால் தொட்டிலில் சும்மா கிடந்தான்.

சமுதாயக் கூடத்தில் விசாரணை நடந்தது. "தொட்டியப் பத்தி எழுதினது நீதானவே?" என்று மாடக்கண்ணு கேட்டார். குழந்தை கொட்டாவி விட்டது.

"பச்சப்புள்ளவே, அதுக்கு எழுதத் தெரியாதே," என்றார் சடையப்பர், கலங்கிப்போய்.

"பதிவுல ஏகப்பட்ட எழுத்துப்பிழை இருந்துச்சே அண்ணாச்சி. பொருத்தமாத்தான் இருக்கு."

வெளியே கழுதை தயாராக நின்றது. தலை நிற்காத பிள்ளையை அதன்மேல் ஏற்றப் போகிறார்களே என்று கோமதிநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. கடை போனால் போகட்டும் என்று எழுந்தான்.

"நான்தான் எழுதினேன்."

"உம்ம பேரு என்னவே?"

"கோமதிநாயகம்."

"பேர வச்சுக்கிட்டு எப்படிவே பேரில்லாம எழுத முடியும்? பொய் சொல்லாம உக்காரும்."

அவன் எவ்வளவோ கெஞ்சினான். சபை நெடுநேரம் யோசித்து ஒரு வழி சொன்னது. அவன் பேரைக் கழற்றிக் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டியது. குழந்தை தப்பிக்கும், இவன் குற்றவாளியாவான். கோமதிநாயகம் குனிந்து தன் பேரைக் குழந்தையின் காதில் சொன்னான். நிமிர்ந்தபோது உடம்பே லேசானதுபோல இருந்தது. சடையப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து, குற்றவாளியைக் கூப்பிட மைக் செட் பலவேசம் வாயைத் திறந்தார். "ஊர்ப் பொதுமக்களே, இப்போது கழுதையில் ஏறப்போவது..." என்று சொல்லிவிட்டு நின்றார்.

"பேரச் சொல்லும்வே," என்றார் தலைவர்.

"அது உங்க பேரன்கிட்டல்லா இருக்கு, அண்ணாச்சி."

"ஒரு நிமிசம் இரவல் வாங்கலாமே," என்றார் ஒருவர்.

"வாங்கினா குழந்தைக்குப் பேர் இருக்காது. அதையும்ல ஏத்தணும்," என்றார் மாடக்கண்ணு.

சபை மறுபடி யோசிக்க உட்கார்ந்தது. கழுதைக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பேரன் பிழைத்த சந்தோஷத்தில் இருந்த சடையப்பருக்குத் தாராள மனசு வந்தது.

"ஒரு பேருக்காகவா சட்டம் நிக்கணும்? எம் பேரச் சொல்லிக் கூப்பிடும்வே."

பலவேசம் கணீரென்று கூப்பிட்டார். "பேரில்லாமல் எழுதிய குற்றத்துக்காகக் கழுதையில் ஏறப்போவது, நமது தலைவர், மாண்புமிகு சடையப்பர் அவர்கள்."

தன் பேரை இத்தனை மரியாதையாக மைக்கில் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. சடையப்பர் துண்டைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே ஊரைச் சுற்றி வந்தவர், இறங்கும்போது மாடக்கண்ணுவின் காதில் ரகசியமாகக் கேட்டார்.

"தேர்தல் வரைக்கும் தினமும் யாரையாவது எழுதச் சொல்ல முடியுமாவே?"