அடப்பங்கொடி இலை பிளந்த கதை

அந்தக் காலத்தில் காற்றுக்கும் வாய் இருந்தது, கொடிக்கும் வாய் இருந்தது. கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடியின் இலை அப்போது முழு வட்டம். சின்னத் தாமரை இலை மாதிரி இருக்கும். அதில் கொடிக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டுமே, அழகாக இருந்தால் யார்தான் பெருமைப்பட மாட்டார்கள்?

எங்கள் தீவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் உப்புத் தண்ணீர். ஆனால் கரை மணலை ஆள் உயரம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் அதைச் சிரட்டையால் கோரிக் கோரிக் குடம் நிரப்புவார்கள். அந்த ஒரு ஊற்றை நம்பித்தான் முப்பது குடிசைகள் இருந்தன. ஊற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு. மேடு முழுக்க அடப்பங்கொடி.

நம்பு என்று ஒரு மீனவன் அந்த மேட்டில்தான் வலை காயப்போடுவான். கொடி வலைக்கண்ணியில் சிக்கிக்கொள்ளும். அதை ஒவ்வொன்றாக விடுவிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் ஊர் ஆண்களைக் கூட்டிவந்து, கொடியை வேரோடு பிடுங்க ஆரம்பித்தான்.

"வேண்டாம்ப்பா நம்பு. நான் சும்மா படுத்துக் கிடக்கேன்னு நினைக்காதே. மணலைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கேன்" என்றது கொடி.

"மணல் எங்கே எந்திரிச்சு ஓடப் போகுது?" என்று கேட்டான் நம்பு. கேள்வியைப் பாருங்கள். பிடுங்கியதையெல்லாம் பனங்காட்டில் வீசிவிட்டு, மேட்டில் வலையை விரித்துவிட்டு, நிம்மதியாகப் படுத்துத் தூங்கினான்.

தெற்கிலிருந்து சோழகக் காற்று கிளம்பியது. மேட்டு மணல் ஊருக்குள் நடந்து வந்தது. மூன்றாம் நாள் ஊற்று இருந்த இடமே தெரியவில்லை.

நம்புவின் மனைவி ராக்குவுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை அழுது அழுது, பிறகு அழவும் தெம்பில்லாமல் கிடந்தது. விடிந்ததிலிருந்து அவள் மணலைத் தோண்டினாள். ஒரு சிரட்டைத் தண்ணீர் தேறியது. அதற்குள் குழி மறுபடியும் மூடிக்கொண்டது.

"உனக்கு நாங்க என்ன கெடுதல் செஞ்சோம்?" என்று காற்றைக் கேட்டாள்.

"நான் எப்பவும் போலத்தான் வீசுறேன் தாயி. முன்னே மேட்டுல ஒருத்தி மறிச்சுக் கிடந்தா. இப்ப அவளைக் காணோம்" என்றது காற்று.

ராக்குவுக்கு விளங்கிவிட்டது. சிரட்டையில் வாய் வைக்காமல் அப்படியே பனங்காட்டுக்கு எடுத்துப் போனாள். கொடி காய்ந்து கிடந்தது. ஒரே ஒரு கணுவில்தான் பச்சை இருந்தது.

"என்னைப் பிடுங்கினது உன் வீட்டுக்காரன்" என்றது கொடி.

"அவருதான். நானும் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை. ஊற்று மூடிப்போச்சு, பிள்ளைக்குப் பால் இல்லை. ஊர்ல இருக்கிற தண்ணி இவ்வளவுதான். நீ குடி."

கொடி பாதியைக் குடித்தது. "மீதி உனக்கு. பிள்ளைக்குப் பால் ஊறணும்ல. குடிச்சிட்டு என்னைக் கொண்டுபோய் மேட்டுல வை."

அந்தக் காலத்துக் கொடி அல்லவா, நட்ட அன்றைக்கே மேடு முழுக்க ஓடிப் படர்ந்தது. ஆனால் காற்று விடவில்லை. வட்ட இலைகள் படகுப் பாய் மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டன. இளம் வேர் ஒவ்வொன்றாக மணலை விட்டுக் கிளம்பியது.

"எனக்குக் கொஞ்சம் வழி விட்டா நான் பாட்டுக்குப் போயிருவேன். நிற்க எனக்குத் தெரியாதே" என்றது காற்று. பாவம், அதன் பிறவி அப்படி.

கொடி தன் இலைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டது. பிறகு ஒவ்வொரு இலையையும் நுனியிலிருந்து நடுவாக, தானே பிளந்துகொண்டது. காற்று பிளவு வழியாகப் போய்விட்டது. மணல் அங்கேயே நின்றது.

ராக்கு மறுபடி தோண்டினாள். தண்ணீர் ஊறியது. சாயங்காலம் பிள்ளை பால் குடிக்கும் சத்தம் கேட்டு நம்பு வாசலில் உட்கார்ந்து அழுதான். பிறகு மேட்டுக்குப் போய், கொடியை மிதிக்காமல் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கம்பு நட்டு அதில் காயப்போட்டான்.

அந்தப் பிள்ளையின் வழியில் வந்தவர்கள்தான் நாங்கள் இத்தனை பேரும். அன்று முதல்தான் அடப்பங்கொடியின் இலை ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கிறது. எங்கள் பெண்களும் ஊற்றில் கோரும் முதல் சிரட்டையில் பாதியைக் கொடிக்கு ஊற்றிவிட்டு, மீதியைத்தான் குடிக்கிறார்கள்.