ராஜாவுக்கு விழுந்த ஒரே புளியங்கொட்டை

முன்னொரு காலத்தில் என்று தொடங்குவதுதான் எனக்கும் நல்லது, கேட்கிற உங்களுக்கும் நல்லது. இந்தக் காலம் என்று சொன்னால் எந்த ராஜாவாவது தன்னைத்தான் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்வார். ஆக, அந்த முன்னொரு காலத்தில் சேனாவரையர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் சாப்பாட்டுப் பிரியர். எவனோ எதையோ ருசியாகச் சாப்பிட்டான் என்று காதில் விழுந்துவிட்டால், அன்றைக்கு ராஜ்ய காரியம் ஒன்றும் ஓடாது.

அவருடைய சபையில் விகடம் பேசிப் பிழைத்தவன் செவ்வந்தியப்பன். அரண்மனையில் அவனுக்குத் தனி அறை கொடுத்திருந்தார்கள். அவனோ அங்கே தங்காமல் மேலக்கரைத் தெருவிலேயே குடியிருந்தான். அந்தத் தெருவை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரித்தது. இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்குப் போக ஒரு பனைமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள்.

மேலக்கரைத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிதோறும் மதியம் எல்லா வீட்டாரும் ஒன்றுகூடிக் கூட்டாஞ்சோறு பொங்குவார்கள். ஒரு வீட்டுக் கத்தரிக்காய், ஒரு வீட்டுப் பருப்பு, ஒரு வீட்டு முருங்கைக்கீரை, எல்லாம் ஒரே அண்டாவில் விழும். சாப்பிட்டு எழுந்தவர்கள் தங்களால் முடிந்த காசை ஒரு கலயத்தில் போடுவார்கள். பிறகு தெருவுக்கு இன்னது வேண்டும் என்று நினைப்பவர்கள் எழுந்து சொல்லலாம். சொன்னவர் ஒவ்வொருவர் முன்னாலும் துணி மூடிய ஒரு சட்டி. எல்லார் கையிலும் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. எவர் சட்டியில் கொட்டை அதிகம் விழுகிறதோ, அந்த மாதத்துக் கலயம் அவர் சொன்ன வேலைக்கு. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வந்தது அப்படித்தான், மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வந்ததும் அப்படித்தான். அரண்மனைக்கு மனுப் போட்டால் பதில் வருவதற்குள் கிணறே தூர்ந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த முறை செவ்வந்தியப்பனே எழுந்து சொல்வதாக இருந்தான். பனைமரம் உளுத்துவிட்டது. மருத்துவச்சி செம்பகவல்லிக்கு வீடு அக்கரையில். போன மழையில் மரம் வழுக்கி விழுந்து கையைப் பிசகிக்கொண்டிருந்தாள். இக்கரையில் செவ்வந்தியப்பன் மனைவி உமையாளுக்கு ஒன்பதாம் மாதம்.

ஒருநாள் சோறு போடும்போது உமையாள் கேட்டாள்: "ஊரையெல்லாம் சிரிக்க வைக்கிறீங்க, சரி. எனக்கு வலி வர்ற அன்னைக்கு மழை கொட்டுச்சுன்னா, அந்தம்மா உங்க சிரிப்பு மேலயா நடந்து வரும்?"

செவ்வந்தியப்பன் பாதிச் சோற்றில் எழுந்துபோய்ப் பனைமரத்தை மிதித்துப் பார்த்துவிட்டு வந்தான்.

இது இப்படியிருக்க, அரண்மனை மடைப்பள்ளி அதிகாரி திருமேனிநாதருக்கு வேறொரு வயிற்றெரிச்சல். போன பௌர்ணமியன்று யானைமேல் போன ராஜாவின் மூக்கில் மேலக்கரைக் கூட்டாஞ்சோற்றின் வாசனை ஏறிவிட்டது. அதையே செய்யச் சொன்னார். திருமேனிநாதரும் நெய்யைக் குடம் குடமாகக் கொட்டிச் செய்து வைத்தார். ராஜா ஒரு வாய் போட்டுவிட்டு, "இது அது இல்லை" என்று கையைக் கழுவிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் சரியாகத் தூங்கவில்லை. தருணம் பார்த்துச் சபையில் பற்ற வைத்தார்.

"பிரபு, அந்தத் தெருவார் தாங்களே பொருள் சேர்த்துத் தாங்களே கிணறு கட்டிக்கொள்கிறார்கள். அப்படியானால் ராஜா எதற்கு என்று நாளைக்கு ஒருவன் கேட்க மாட்டானா?"

ராஜாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் அந்த வாசனை மறக்கவில்லை. இரண்டையும் சேர்த்து ஓர் உத்தரவு போட்டார்.

"செவ்வந்தியப்பா, வருகிற பௌர்ணமிக்கு அந்தச் சோற்றை நமது நந்தவனத்தில் சமைக்க வேண்டும். உங்கள் தெருவில் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும், ஒன்றுகூட விடலாகாது. அந்த ருசி வந்தால் உங்கள் பந்தி நடக்கட்டும். வராவிட்டால் அன்றோடு பந்தியும் இல்லை, கலயமும் இல்லை."

திருமேனிநாதர் விடவில்லை. அந்தத் தெருவிலிருந்து ஒரு மணி அரிசிகூட உள்ளே வரக்கூடாது, மடைப்பள்ளியிலிருந்தும் ஒரு கல் உப்புகூடத் தரமுடியாது என்று இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினார். ராஜா அதற்கும் தலையாட்டினார். சபையில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செவ்வந்தியப்பன் மட்டும் ஒரு விஷயத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டான்.

"தெருவில் எப்படியோ அப்படியே, ஒன்றுகூட விடாமல். அதுதானே பிரபுவின் கட்டளை?"

"அதுவேதான்."

மறுநாள் சபையோர் வீடுகளுக்கெல்லாம் ஆள் போயிற்று. பந்தியில் உட்காருகிற ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவர வேண்டும், வேலைக்காரன் கையில் கொடுத்தனுப்பக் கூடாது, தெருவில் அப்படித்தான் என்று செய்தி. ராஜாவுக்கு வீடே அரண்மனைதான், மடைப்பள்ளியோ பூட்டிக் கிடக்கிறது. ஆகவே பௌர்ணமியன்று மாமரத்தடியில் நின்று எட்டிக் குதித்துத் தம் கையாலேயே ஒரு மாங்காய் பறித்தார். மூன்றாவது குதியில்தான் அகப்பட்டது. கோட்டையைப் பிடித்தவர் போல அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வந்து பார்த்தால் அடுப்பு நந்தவன வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எரிகிறது. பாலத்தின் பலகைகளை எடுத்துவிட்டு ஒரு பனைமரம் போட்டிருந்தது.

"இது என்ன?" என்றார் ராஜா.

"பிரபு, எங்கள் தெருவில் பாதிப் பேர் காய்கறியோடு பனைமரத்தில் நடந்துதான் பந்திக்கு வருகிறார்கள். சோற்றின் ருசியில் இந்தப் பயத்துக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நான் எப்படி விடுவது?"

சொன்ன சொல் ராஜாவின் சொல். மீற வழியில்லை. ஏழு போர் கண்ட தளபதி பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு, மரத்தில் குதிரையேறுகிற மாதிரி உட்கார்ந்து நகர்ந்தார். அவைப் புலவர் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி போனார். சோற்றைக் கெடுக்கவென்று திருமேனிநாதர் இடுப்பில் இரண்டு பாகற்காய் செருகியிருந்தார். பாதி மரத்தில் அவை நழுவ, அவற்றைப் பிடிக்கப் போய்த் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தார். பாகற்காய்கள் மிதந்துபோயின. இடுப்பளவு தண்ணீர்தான், ஆனால் அவமானம் கழுத்துவரை. ஈரம் காய அடுப்போரம் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. அகப்பையை வாங்கிக் கிளற ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் ராஜா. நடு மரத்தில் நின்றுவிட்டார்.

"செவ்வந்தியப்பா, கை கொடு."

"மன்னிக்க வேண்டும் பிரபு. எங்கள் தெருவில் இந்த இடத்தில் கை கொடுக்க யாரும் கிடையாது."

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தார். அக்கரை சேர்ந்ததும் அப்படி ஒரு பசி எடுத்தது, பட்டாபிஷேகத்திலிருந்து இன்றுவரை எடுக்காத பசி. எல்லார் வீட்டுக் காயும் குழைந்த சோறு இலையில் விழுந்தது. மாங்காய்ப் புளிப்பு நாக்கில் பட்டதும், "என் மாங்காய்" என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இதுதான் அது" என்றார்.

பந்தி பிழைத்தது. ஆனால் செவ்வந்தியப்பன் இன்னும் முடியவில்லை என்று கலயத்தை நீட்டினான். ராஜா மோதிரத்தைக் கழற்றிப் போட, மற்றவர்களும் வேறு வழியில்லாமல் போட்டார்கள். பிறகு தளபதி எழுந்து குதிரை லாயத்துக்குப் பந்தல் வேண்டும் என்றார். புலவர் நந்தவனத்தில் ஊஞ்சல் வேண்டும் என்றார். மூன்றாவதாகச் செவ்வந்தியப்பன் எழுந்தான். அன்றைக்கு அவன் விகடம் பேசவில்லை.

"மேலக்கரை வாய்க்காலுக்கு ஒரு கல் பாலம் வேண்டும். எங்கள் மருத்துவச்சி இதே மாதிரி மரத்தில் மழையில் நடந்து வருகிறாள். அவள் வந்து சேராவிட்டால் என் மனைவியின் கதி என்ன என்று நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்."

எல்லாரும் பனைமரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். இனி அதன் வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கொட்டைகள் விழுந்த பிறகு துணியை விலக்கினால், தளபதியின் சட்டியும் காலி, புலவரின் சட்டியும் காலி. தங்களுக்கே அவர்கள் போட்டுக்கொள்ளவில்லை.

ராஜா மனமிளகி, சிற்பத் தூண்களோடு பெரிய பாலமே கட்டித் தருவதாகச் சொன்னார். "தூண் செதுக்கி முடிய மூன்று வருஷமாகும் பிரபு. என் பிள்ளை அதுவரை பொறுக்காது" என்றான் செவ்வந்தியப்பன். கலயத்தில் இருந்ததே போதுமானதாக இருந்தது. ஒன்பது நாளில் இரண்டு பலகைக் கற்கள் வாய்க்காலில் உட்கார்ந்தன. பன்னிரண்டாம் நாள் விடிகாலை, கொட்டுகிற மழையில், செம்பகவல்லி நிமிர்ந்து நடந்து வந்தாள். பெண் குழந்தை. செவ்வந்தியப்பன் அழுதான், அதை மறைக்கவும் இல்லை.

அடுத்த பௌர்ணமிக்கு ராஜா மாங்காயும் கையுமாக மேலக்கரைத் தெருவுக்கே வந்துவிட்டார். சாப்பிட்டதும் தாமும் எழுந்தார். அந்தப் பாலத்துக் கல்லில் தம் பெயரைப் பொறிக்க வேண்டுமாம். திருமேனிநாதர் உரக்க ஆமோதித்து, இதைவிடத் தகுந்த காரியம் உண்டா என்று நாலு பேர் காதில் விழப் பேசினார். எதிரே சமையல் செய்த பெண்கள் அடுப்புக்கு மேல் ஒரு கூரை வேண்டும், புகையும் வெயிலும் தாங்கவில்லை என்றார்கள்.

துணியை விலக்கினார்கள். ராஜாவின் சட்டியில் ஒரே ஒரு புளியங்கொட்டை. அது அவரே போட்டது.

ராஜா மெல்லத் திரும்பித் திருமேனிநாதரைப் பார்த்தார். காலையிலிருந்து அண்டா கிளறிக் கண் சிவந்து போயிருந்த திருமேனிநாதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிரபு, புகை" என்றார்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. தொந்தி குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் திருமேனிநாதர் தம்மிடம் சொன்ன முதல் உண்மை இது என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பனுக்குப் போட்டார். உமையாள் மடியிலிருந்த குழந்தை உடனே அதைப் பிடித்து இழுத்தது.

கூரை அந்த வாரமே எழும்பிவிட்டது. பாலத்துக் கல் மட்டும் இன்றுவரை பெயரில்லாமல் கிடக்கிறது. மழையில் வழுக்குவதில்லை.