போட்டவர் எடுக்கும் மைதானம்

"என் பிள்ளைக சுவத்துல பந்து போட்டா குறி தப்பாது டீச்சர். ஆளுக்கு ஆள் போடச் சொன்னா, பத்துல எட்டு கீழ விழுது."

சொன்னவர் உக்கிரபாண்டி சார். ஐம்பத்து நான்கு வயது உடற்கல்வி ஆசிரியர். பெயருக்கேற்ற கோபக்காரர். அவர் விசில் அடித்தால் தெருநாய்கூட வரிசையில் நிற்கும் என்பார்கள் அவருடைய மாணவர்கள்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஜெசிந்தா டீச்சர். வயது முப்பத்தொன்று. மலையடிவாரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு எறிபந்து சொல்லிக்கொடுப்பவர். அங்கே பந்து கைதவறி விழுவதே அபூர்வம் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. தன்னைவிட அத்தனை வயது இளையவரிடம் போய் நிற்க மனசு வராமல் சார் ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தார்.

இப்போது வந்ததற்குக் காரணம் அவருக்குப் பக்கத்தில் நின்றது. கௌமாரி. ஏழாம் வகுப்பு. இடது புருவத்தில் மூன்று தையல் போட்ட தழும்பு.

"இந்தப் பிள்ளை, பந்து வந்தாலே கண்ணை மூடிக்கிறா. ஒரு தடவை பட்டுருச்சு. அதுலருந்து பள்ளிக்கூடமே வேண்டாங்குறா. படிச்சது போதும்னு அவங்க அம்மா திங்கக்கிழமை டி.சி. வாங்க வர்றாங்க. இவ கண்ணைத் தொறக்கணும் டீச்சர். அதுக்கு என்ன பயிற்சி?"

ஜெசிந்தா கௌமாரியைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார்.

"சாப்ட்டீங்களா சார்?"

"ஆச்சும்மா."

"அப்போ வாங்க. அந்தா, அந்த இடம் காலியா இருக்கு."

மைதானத்தில் பதினோரு பிள்ளைகள் வட்டமாக நின்றிருந்தார்கள். சனிக்கிழமை காலை. வட்டத்தில் ஒரே ஒரு ஆளுக்கு இடம் விட்டிருந்தது.

"நான் விளையாட வரல. அவளை நிறுத்துங்க."

"அவ கொஞ்சம் பாக்கட்டும். நீங்க நில்லுங்க."

சாருக்குச் சுர்ரென்று வந்தது. ஆனாலும் போய் நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. விசில் இல்லை. யாரும் யார் பெயரையும் கூப்பிடவில்லை. ஒரு பந்து வட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் போனது. பிறகு இரண்டு. பிறகு மூன்று. கைகளில் பந்து உட்காரும் சத்தம் மட்டும் கேட்டது.

சார் முதலில் பிள்ளைகளின் முழங்கையைப் பார்த்தார். பிடி சரியில்லை. பாதி பேருக்குக் கால் வைத்த விதமே தப்பு. அவர் பள்ளியில் இப்படி நின்றால் மைதானத்தை நாலு சுற்று ஓடவேண்டும்.

ஆனால் ஒரு பந்தும் விழவில்லை.

எதிரே சூசை என்று ஒரு பையன். அவன் நெட்டையாக நின்ற பெண்ணுக்கு நெஞ்சுக்கு நேராக விசையாகப் போட்டான். கண்ணாடி போட்டவனுக்கு மேலே தூக்கி, நிதானமாக இறங்கும்படி போட்டான். நாகஜோதி என்ற குட்டிப் பெண்ணுக்கு இடது கை விரியாது, பிறவியிலிருந்தே அப்படி. அவளுக்குத் தரையில் ஒருமுறை தட்டி, வலது கையில் தானாக ஏறுகிற மாதிரி போட்டான்.

ஒரே பையன். மூன்று பேருக்கு மூன்று விதம்.

மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் அப்படித்தான். இருபத்தாறு வருடம் மைதானத்தில் நின்றவர், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. இருப்பது பதினோரு பிள்ளைகள். இதில் எத்தனை விதமான எறிதல் இருக்கிறது என்று கணக்குப் போடப் பார்த்து, முடியாமல் விட்டார்.

அப்போது நாகஜோதி அவருக்குப் பந்தைப் போட்டாள். இடது பக்கமாக, இடுப்பு உயரத்துக்கு, மெதுவாக. யோசிக்கும் முன்பே பந்து அவர் கையில் இருந்தது.

சார் அப்படியே நின்றுவிட்டார்.

ஆறு வருடமாக அவருடைய வலது தோள் மேலே ஏறாது. வீட்டில்கூடச் சொன்னதில்லை. விசிலையும் வாயையும் வைத்தே சமாளித்துவந்தார்.

"உனக்கு யாரும்மா சொன்னா?"

"எது சார்?"

"என் கை."

"யாரும் சொல்லலையே. கேட்டைத் தொறந்தீங்கள்ல, அப்ப பாத்தேன்."

பாராட்ட வேண்டும்போல் இருந்தது சாருக்கு. கௌரவம் விடவில்லை. கையிலிருந்த பந்தை இடது கையாலேயே கண்ணாடிப் பையனுக்கு வீசினார், நெஞ்சுக்கு நேராக, தன் பள்ளிச் சுவரில் போடச் சொல்கிற மாதிரி. பையன் கையில் பட்டுத் தெறித்து வெளியே ஓடியது.

"விட்டுட்டியே! ஓடு, எடு!"

பையன் நகரவில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும், ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல அவரைப் பார்த்தார்கள்.

சூசைதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இங்க போட்டவங்கதான் எடுப்பாங்க சார்."

சார் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சார் போய்க் குனிந்து எடுத்துவந்தார். பையன் சிரிக்காமல், அவருக்காகக் கைநீட்டிக் காத்திருந்தான்.

"சார்," என்றார் ஜெசிந்தா. "கௌமாரிக்குப் பந்து பட்டுச்சே, அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்... முதலுதவிப் பெட்டியைக் கொண்டாரச் சொன்னேன்."

"அதுக்கு முந்தி."

சாருக்கு நினைவில்லை.

கௌமாரிக்கு இருந்தது. வந்ததிலிருந்து வாயைத் திறக்காதவள், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போட்டவனைப் பாத்து, 'த்ரோ கரெக்ட்'னு சொன்னாரு."

சாருக்கு இப்போது எல்லாமே நினைவுக்கு வந்தது. புருவத்தில் ரத்தம் வழிய நின்ற பிள்ளையிடம் தான் அடுத்துச் சொன்னதும். 'கையை நீட்டத் தெரியாதா உனக்கு?' வெட்கம் அவர் காதுவரை ஏறியது.

"அவளுக்குப் போடுங்க சார்," என்றார் ஜெசிந்தா. அவ்வளவுதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

சார் இடது கையால், தாழ்வாக, மெதுவாகப் போட்டார்.

கௌமாரி கண்ணை மூடிக்கொண்டாள். பந்து அவள் முழங்கையில் பட்டு, சரிவில் உருண்டு, வாய்க்கால் பக்கம் போனது. சார் நடந்துபோய் எடுத்துவந்தார்.

இரண்டாவது முறை இன்னும் மெதுவாகப் போட்டார். கண் மூடியது. பந்து உருண்டது. எடுத்துவந்தார்.

மூன்றாவது. நான்காவது. சட்டை நனைந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏழாவது முறை வாய்க்காலில் இருந்து ஏறி வரும்போது அவருக்கு மூச்சு இரைத்தது. கண்ணைத் தொறடி என்று ஒரு சத்தம் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு வந்து நின்றார்.

கௌமாரி அதற்குள் கண்ணை மூடியிருந்தாள். பந்து வருவதற்கு முன்பே.

சார் போடவில்லை. பந்தை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். இமை துடித்துக்கொண்டிருந்தது. தழும்பின் ஓரம் இன்னும் சிவப்பாக இருந்தது. ஒரு கை நெஞ்சருகே, ஒரு கை முகத்தருகே. இரண்டு வருடமாக அவளுக்குப் பாடம் எடுக்கிறார். இந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அப்படியே நின்றார். நேரம் போனது.

பந்து ஏன் வரவில்லை என்று கௌமாரி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா."

"போடலையா?"

"நீ சொல்லு. அப்புறம் போடுறேன்."

அவள் நம்பாமல் பார்த்தாள். இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

"நான் சொல்லலைன்னா?"

"நிக்கிறேன்."

"எவ்ளோ நேரம்?"

"நீ சொல்ற வரைக்கும்."

கௌமாரி ஜெசிந்தாவைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், மறுபடி சாரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் கிட்ட வாங்க."

சார் நடந்தார்.

"இன்னும்."

நடந்தார். இப்போது இருவருக்கும் நடுவே மூன்று அடிதான். கௌமாரி முகத்தை மறைத்திருந்த கையை இறக்கினாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"இப்ப போடுங்க சார்."