அண்ணனுக்கு என்ன பாட்டில்

கலியபெருமாள் முப்பத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியார். அதில் கடைசி ஒன்பது வருஷம் தலைமையாசிரியர். கேள்வி கேட்டே பழகியவர், யாரிடமும் போய்ச் சந்தேகம் கேட்டவரில்லை. அப்படிப்பட்ட மனிதர் தம் அறுபத்தோராவது வயதில், ஒரு காலைப் பொழுதில், புதுச்சேரி மிஷன் வீதிக்குப் பின்னால் இருந்த சின்ன ஓட்டலின் பாருக்குள் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நுழைந்தார்.

பாரை நடத்துபவர் செலின். வயது முப்பத்தாறு. இரண்டு வருஷம் கேட்டரிங் கல்லூரியில் பாடம் எடுத்தவர் என்பதால் வருகிறவர்கள் எல்லோருமே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். குடிக்கிற விஷயத்தில் டீச்சர் ஒன்று சொன்னால் அந்த வட்டாரத்தில் மறுபேச்சு கிடையாது. அவர் ஒரு சொட்டும் தொடமாட்டார் என்பது வேறு விஷயம். முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

"டீச்சர், வீட்டுல ஒரு சின்ன பார் வைக்கணும். என்னென்ன பிராண்டு வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

"பட்ஜெட் எவ்வளவு சார்?"

"பன்னெண்டாயிரம். அதுக்கு மேல போனா வீட்டுல எனக்குத் தண்ணிகூடக் கிடைக்காது."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மனைவி அஞ்சலாட்சி அன்று காலைதான் அதே வார்த்தைகளில் சொல்லி அனுப்பியிருந்தார்.

வாத்தியார் நோட்டை நீட்டினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பத்தொன்பது பாட்டில்களின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தார். பன்னிரண்டாயிரத்தில் பத்தொன்பது பாட்டில் எப்படி அடங்கும் என்பதை அந்தக் கணக்கு வாத்தியார் யோசித்ததாகத் தெரியவில்லை. செலின் நோட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"எப்பத்துக்கு வேணும்?"

"அடுத்த மாசம் எட்டாம் தேதி அண்ணன் வராரு. பிரான்சுலேருந்து. என் வீட்டுலதான் ரெண்டு நாள் தங்கல்."

"சனிக்கிழமை மத்தியானம் வாங்க. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நில்லுங்க. நான் கேக்குற பாட்டிலை எடுத்துக் குடுங்க."

"பிராண்டு?"

"சனிக்கிழமை வாங்க சார்."

சனிக்கிழமை போனார். வெளியூர்க்காரர்கள் வந்து நிறைந்திருந்த நேரம். செலின் கை நீட்ட நீட்ட, வாத்தியார் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். எத்தனை பேர் ஒரே சமயத்தில் கேட்டாலும் செலினின் குரல் ஏறவில்லை. அளவுக் கிண்ணத்தைப் பார்க்காமலே ஊற்றினார், ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை. நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்த வாத்தியாருக்கு அதன் அருமை தெரிந்தது. அவர் மனசுக்குள் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டார்.

நடுவில் ஒரு சங்கடம். ஓரத்து மேஜையில் கிளாசும் கையுமாக இருந்த நாற்பது வயது ஆள் நிமிர்ந்து பார்த்தான். வாத்தியாரைக் கண்டதும் சட்டென்று எழுந்து கிளாசை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பத்தாம் வகுப்பு பி பிரிவு, அன்புக்கரசு.

"உக்காருப்பா, உக்காரு," என்றார் வாத்தியார்.

"இல்ல சார். பரவால்ல சார்."

பாதி கிளாசை மேஜையில் வைத்துவிட்டுப் பணத்தையும் வைத்துவிட்டுப் பக்கவாட்டு வாசல் வழியாகப் போய்விட்டான்.

"மரியாதை தெரிஞ்ச பையன்," என்றார் வாத்தியார். அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

செலின் அந்தப் பாதி கிளாசை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டினார்.

கூட்டம் அடங்கியதும் செலின் கேட்டார்.

"உங்க கை எத்தனை இடத்துக்குப் போச்சு சார்?"

வாத்தியார் யோசித்தார். கவுண்டருக்கு அடியில் இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு. அங்கேதான் திரும்பத் திரும்பப் போனது. அதிலும் ஐந்தே பாட்டில்கள்தான்.

"அஞ்சு. அப்போ மேல விளக்குப் போட்டு வச்சிருக்கிறதெல்லாம்?"

"அது வாடகை குடுக்காம குடியிருக்கு."

வாத்தியார் அங்கேயே நோட்டைத் திறந்து பதினான்கு பெயர்களை அடித்தார். இத்தனை நாள் தூங்காமல் எழுதிய பட்டியல் ஆயிற்றே என்று வருத்தப்படவில்லை. தப்பு தெரிந்தபிறகு விடைத்தாளை அடிக்கக் கை தயங்கினால் அவர் என்ன வாத்தியார்?

அடுத்த வாரம் மறுபடி வந்தார்.

"அஞ்சு இனம் சரி. ஒவ்வொண்ணுலயும் எந்த பிராண்டு?"

செலின் பதில் சொல்வதற்குள், கையில் தங்கக் காப்பு போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்து, மேல் தட்டிலிருந்து இருப்பதிலேயே விலை கூடிய ஸ்காட்ச்சைக் கேட்டார். செலின் ஏணி போட்டு ஏறி எடுத்து, துடைத்து, ஊற்றிக் கொடுத்தார். வந்தவர் அதில் கோலாவை விளிம்புவரை ஊற்றினார்.

வாத்தியார் முகம் சுளித்தார். செலின் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "ஐஸ் போதுமா சார்?" என்று கேட்டு, ஓர் எலுமிச்சைத் துண்டையும் கிளாசின் விளிம்பில் செருகிவிட்டார். அந்த மனிதர் சந்தோஷமாகக் குடித்துவிட்டுப் போனார்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா டீச்சர்? அது அப்படிக் கலந்து குடிக்கிற சரக்கா?"

"அவருக்குப் புடிச்சுது சார்."

"விவரம் தெரியாதவர்தானே, நாம எடுத்துச் சொன்னா..."

"அவரு தாகத்துக்கு வந்தாரு. டியூஷனுக்கு வரலை."

வாத்தியார் நோட்டில் எழுதினார். கலந்து குடிக்கிற சரக்குக்கு நடுத்தர விலை போதும். வெறும் தண்ணீர் விட்டுக் குடிக்கிற ஒன்றுக்கு மட்டும் செலவழிக்கலாம். எழுதி, செலினிடம் காட்டினார். செலின் படித்துவிட்டுத் தலையசைத்தார். பாஸ் மார்க் வாங்கிய பையனாட்டம் வாத்தியார் பூரித்துப்போனார். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தவர், இந்தப் பெண் சொல்லாமலே சொல்லித்தரும் விதத்தை நினைத்து நினைத்து அன்று வீடுவரை நடந்தே போனார்.

மூன்றாவது வாரம், செலின் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கடைசி வரியில பேரு போடாம 'அண்ணன்'னு மட்டும் எழுதியிருக்கீங்களே, அது என்னா சார்?"

வாத்தியார் நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மகளின் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் ஆண்களுக்கு மட்டும் ஏற்பாடு. அண்ணன் தணிகாசலம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பாரிசுக்குப் பக்கத்தில் சொந்த வீடு. அவருக்காகவே வாத்தியார் தம் சக்திக்கு மீறி ஒரு ரம் பாட்டில் வாங்கி வைத்திருந்தார். அண்ணன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். புது சம்பந்தி பக்கத்திலேயே இருந்தார்.

"கலியா, இது நீ பேப்பர் திருத்துற சிவப்பு மைதானே?" என்று அண்ணன் கேட்டார்.

மாடியே சிரித்தது. சம்பந்தியும் சிரித்தார்.

"அதோட பேச்சு நின்னுது டீச்சர். இப்ப வராருங்கிறதையே அண்ணன் மகதான் ஃபோன்ல சொன்னா. அவரு வாயைத் திறக்க முடியாத மாதிரி ஒரு பாட்டில் என் அலமாரியில இருக்கணும். மத்த நாலும் எதுவா வேணா இருக்கட்டும்."

செலின் துடைத்த கிளாசைக் கவிழ்த்து வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை கடைக்குப் போவலாம். நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கெல்லாம் நேரு வீதிப் பக்கத்து ஒயின் ஷாப்பில் இருவரும் நின்றார்கள். செலின் விரலைக் காட்டினார், கடைக்காரர் எடுத்து வைத்தார். ரம், ஓட்கா, ஜின், நடுத்தர விலையில் ஒரு விஸ்கி. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கையிலிருந்ததில் பாதிக்கு மேல் அப்படியே மிச்சம். வாத்தியார் வியப்போடு டீச்சரைப் பார்த்தார்.

இனி அண்ணன் பாட்டில். கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டு போட்டு வைத்திருந்தவற்றை வாத்தியார் குனிந்து பார்த்தார். மரப்பெட்டியில் ஒன்று, தங்கநிற உருளையில் ஒன்று.

"இதா, அதா டீச்சர்?"

"அண்ணன் என்ன குடிப்பார் சார்?"

வாத்தியார் அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். அண்ணன் என்ன வேலை, என்ன சம்பளம், எந்த ஊரில் எத்தனை அறை வீடு, எல்லாம் தெரியும். இது தெரியவில்லை.

"கேட்டுட்டு வாங்க. நான் நிக்கிறேன்."

"இப்பவா? அங்க இப்பதான் விடிஞ்சிருக்கும்."

செலின் விலைப்பட்டியலை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். டீச்சர் அப்படிப் படிக்க ஆரம்பித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வாத்தியார் வெளியே வந்து, அண்ணன் மகள் கொடுத்திருந்த எண்ணை மூன்று முறை எடுத்து, மூன்று முறை அணைத்து, நான்காவது முறை அழுத்தினார்.

"யாரு?"

"நான்தாண்ணே."

"கலியா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவலண்ணே. நீங்க வரும்போது என்ன குடிப்பீங்கன்னு கேக்கத்தான்."

தணிகாசலம் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"என்ன வச்சாலும் குடிப்பேன். ஆனா நீ பக்கத்துல நிக்கக் கூடாது."

"ஏண்ணே?"

"அன்னைக்கு மாடியில எனக்கு ஊத்திக் குடுத்துட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னே. எல்லாரும் குடிக்கிறாங்க, என் தம்பி மட்டும் பரீட்சை ஹால்ல நிக்கிற மாதிரி என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறான். எனக்குத் தொண்டையில இறங்கல. அந்தக் கடுப்புலதான் மைன்னு உளறிட்டேன். உன்னைப் பேசினதை நெனச்சு அப்புறம் எத்தனையோ நாள் தூங்கல."

"அது மரியாதைண்ணே. அண்ணன் எதிர்க்க உக்காந்து எப்படி..."

"எனக்கு எழுபது ஆவப் போவுது கலியா. இன்னும் எத்தனை நாளைக்கு மரியாதை குடுப்பே? இந்தத் தடவை கூட உக்காந்து குடி."

தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றாமல், வாத்தியார் கைக்குட்டையை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"வரச்சே மூட்டு வலி மாத்திரையை மறந்துடாதீங்கண்ணே," என்று மட்டும் சொல்லி முடித்தார்.

உள்ளே வந்தபோது செலின் இன்னும் விலைப்பட்டியலைத்தான் படித்துக்கொண்டிருந்தார். வாத்தியாரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்காக வாத்தியாருக்கு அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

"என்ன சொன்னார் சார்?"

"எதை வச்சாலும் குடிப்பாராம். நானும் கூட உக்காந்து குடிக்கணுமாம். அதான் டீச்சர், எதை வாங்கறதுன்னு..."

"நீங்க என்ன குடிப்பீங்க?"

ஒரு மாதமாகப் பிராண்டுகளைப் பற்றியே பேசியும், இந்தக் கேள்வியை அவரே தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. வாத்தியார் கடையைச் சுற்றி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"பிராந்தி. வெந்நீர் ஊத்தி. மாசத்துக்கு ஒரே ஒரு குவாட்டர். அஞ்சலாட்சிக்கு மட்டும்தான் தெரியும்."

செலின் விலைப்பட்டியலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அதையே இந்தத் தடவை ஃபுல் பாட்டிலா கேளுங்க சார்."