மல்லனுக்குப் படியளந்த கதை

தாமரைமேடு என்று ஒரு நாடு. எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள், எனக்கே சரியாகத் தெரியாது. வெகுகாலத்துக்கு முன்னால் அதை விசயரங்க பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் வாங்கவேண்டும், வாங்கியதை உடனே யாருக்காவது பரிசாகக் கொடுக்கவேண்டும். அப்போதுதான் அவருக்குத் தூக்கம் வரும்.

அந்தப் பரிசுக்கு ஒரு சட்டம் உண்டு. அதை விற்கக்கூடாது, பிறருக்குத் தரக்கூடாது. பௌர்ணமிதோறும் சபைக்குக் கொண்டுவந்து காட்டவேண்டும். கொடுத்தபோது இருந்த மாதிரியே இருக்கவேண்டும். கொஞ்சம் குறைந்திருந்தாலும் வாங்கியவருடைய வீடு போய்விடும். சால்வையும் மோதிரமும் பெட்டிக்குள்ளே சும்மா கிடந்ததால் இதுவரை யாருக்கும் வீடு போகவில்லை.

மந்திரி அறவாழிக்குக் குளத்தங்கரையில் மாந்தோப்போடு ஒரு வீடு. பொக்கிஷ அதிகாரி சண்பகராமருக்கு அதன்மேல் வெகுநாளாகக் கண். ஒருநாள் குதிரை வியாபாரி ஒருவன் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு வேட்டைநாயைச் சபைக்குக் கொண்டுவந்தான். பெயர் மல்லன். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்து அதன் கழுத்தைத் தடவினார். அந்த நேரம் பார்த்துச் சண்பகராமர் ராஜாவின் காதருகே குனிந்தார்.

"மகாராஜா, நம் மந்திரியாருக்கு நீங்கள் பரிசு கொடுத்து எத்தனை நாளாகிறது!"

"அட, ஆமாம்! அறவாழி, மல்லன் இனி உம்முடையவன்!"

மந்திரி கும்பிட்டு வாங்கிக்கொண்டார். வேறு வழி? வெளியே வந்ததும் வியாபாரியைப் பிடித்து, "இது என்னப்பா சாப்பிடும்?" என்று கேட்டார். வியாபாரி சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. காலையில் பால், மதியம் ஆட்டுக்கறி, ராத்திரி மறுபடியும் கறி. நடுவில் காது வலி வந்தால் வைத்தியர்.

சிலநாள் ஓடியது. மந்திரி லஞ்சம் வாங்காதவர், சம்பளம் மட்டும்தான். மல்லன் கறியைத் தின்றான், பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பைத் தின்றான், வண்ணாரின் கழுதையைத் துரத்தி மூட்டையைக் குளத்தில் தள்ளினான். மந்திரியின் மனைவி வேதவல்லி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இது தின்னுற தீனிக்கு நாம பட்டினி கிடக்கணும். போடாட்டி இது இளைச்சுடும், வீடும் போயிடும். என்னங்க செய்யறது?"

"நம்ம கொள்ளுப்பாட்டனார் வச்ச மாந்தோப்பு வல்லி. விட்டுட முடியுமா?" என்ற மந்திரி, மல்லனைக் கையில் பிடித்துக்கொண்டு சபைக்குப் போனார்.

"மகாராஜா, நாய்க்குச் செலவாகிறது. பொக்கிஷத்திலிருந்து ஏதாவது..."

சண்பகராமர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாய்க்கு என்ன ஐயா செலவு? வாங்கும்போது கொடுத்த காசோடு முடிந்தது! பானையில் மிஞ்சிய சோற்றைப் போட்டால் வாலை ஆட்டிக்கொண்டு கிடக்கும்."

"அதுதானே!" என்றார் ராஜா.

"வேண்டாம் சண்பகராமரே, தெரியாமல் பேசாதீர்கள். இதைக் கட்டி மேய்க்க உங்களால் முடியாது" என்று மந்திரி மெதுவாகச் சொன்னார்.

"என்னால் முடியாதா? மகாராஜா, இந்த நாயின் செலவெல்லாம் இனி என்னுடையது! இது இளைத்தால் அவர் வீட்டுக்குப் பதில் என் வீடு போகட்டும்!"

"சபாஷ்! அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா. மந்திரி சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார்.

அன்று மாலையே சண்பகராமர் வீட்டிலிருந்து ஒரு சட்டி பழையசோறு வந்தது. மல்லன் மோந்து பார்த்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாளும் அப்படியே. சேதி சண்பகராமரின் மனைவி காதுக்கு எட்டியது.

"நாய் இளைச்சா நாமதான் தெருவுல நிக்கணும்! போங்க, போய்க் கறி வாங்குங்க!"

அதிலிருந்து பொக்கிஷ அதிகாரி வீட்டு வாசலில் கூட்டம் குறையவே இல்லை. கறிக்கடைக்காரர் வந்தார். பால்காரி வந்தாள். காதுக்கு மருந்து போட்ட வைத்தியர் வந்தார். செருப்பைப் பறிகொடுத்தவர் வெறுங்காலோடு வந்தார். "நேத்துத்தானே கொடுத்தேன்!" என்று சண்பகராமர் அலறினால், "நேத்துத் தின்னது நேத்தோட போச்சுங்க, இன்னைக்கும் அதுக்குப் பசிக்குதே" என்றாள் பால்காரி. மனைவியின் ஒட்டியாணம் அடகுக்கடைக்குப் போனது.

பௌர்ணமி வந்தது. மல்லன் பளபளவென்று சபைக்குள் நுழைந்தான். பின்னாலேயே சண்பகராமர் வந்தார், பாதி ஆளாக.

"மகாராஜா, காப்பாற்றுங்கள்! இந்த நாய் என்னை மொட்டையடித்துவிட்டது!"

"செலவே இல்லை என்றீரே?"

மந்திரி எழுந்தார். "மகாராஜா, எனக்கும் ஒரு சந்தேகம். செலவே இல்லாத நாய் என்றால், அதை என் தலையில் கட்ட இவருக்கு ஏன் அத்தனை அக்கறை? போனமாதம் என் மாந்தோப்பை விலைக்குக் கேட்டார், நான் தரவில்லை."

ராஜா சண்பகராமரைப் பார்த்தார். சண்பகராமர் தரையைப் பார்த்தார்.

"ஓகோ!" என்றார் ராஜா. "சபையில் கொடுத்த வாக்கு வாக்குதான். மல்லன் இருக்கும்வரை செலவு உம்முடையது."

சண்பகராமர் மந்திரி பக்கம் திரும்பினார். "நாய் எத்தனை காலம் இருக்கும் மந்திரியாரே?"

"நன்றாகக் கவனித்துக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்."

சண்பகராமர் அங்கேயே மயங்கி விழுந்தார். மல்லன் ஓடிப்போய் அவர் முகத்தை நக்கி எழுப்பினான். படியளப்பவர் யாரென்று அவனுக்குத் தெரியாதா?

"உமக்கு என்ன வேண்டும், கேளும்" என்றார் ராஜா மந்திரியிடம்.

"பரிசு மட்டும் வேண்டாம் மகாராஜா!" என்று மந்திரி பதறியதில் சபையே சிரித்தது. "இனிமேல் வாயுள்ள எதைப் பரிசாகக் கொடுத்தாலும், அது உயிரோடு இருக்கும்வரை அதற்கான தீனியையும் சேர்த்துக் கொடுங்கள். அது போதும்."

ராஜா சட்டத்தை அன்றே மாற்றினார்.

அடுத்த வாரம் அதே வியாபாரி ஒரு யானைக்குட்டியோடு வந்து நின்றான். ராஜாவின் கண் விரிந்தது. கைகள் பரபரத்தன. சிம்மாசனத்தை விட்டுப் பாதி எழுந்தவர், மந்திரியை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"ரொம்ப அழகாகத்தான் இருக்கிறது" என்றார். "இது என்னப்பா சாப்பிடும்?"