கையில் ஏந்திய மீன்தலை

தணிகாசலம் அன்று மத்தியானம் மடத்துக்கு வந்தபோது முகம் உம்மென்று இருந்தது. பூரணி அம்மா கிணற்றடியில் காவித்துணியை அலசிக்கொண்டிருந்தார். குருவான அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த சீடர் தணிகாசலம். தலை நரைத்த மனிதர் நரைக்காத தலைக்காரியிடம் பாடம் கேட்கப் போகிறார் என்று ஊரில் சிலர் கேலி பேசுவார்கள். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"ஒருத்தன் கொடுக்கத் தயாரா இருக்கான். வாங்கவேண்டியவன் வரமாட்டேங்கிறான். இதுல தப்பு யார் மேல?"

அம்மா துணியைப் பிழிந்து உதறினார்.

"தம்பி ஊருக்கு வந்திருக்காரா?"

வந்திருந்தான். வேதகிரி, கூடப் பிறந்த ஒரே தம்பி. தெற்குத் தெருவில் நண்பன் வீட்டில் தங்கியிருந்தான். சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிடுவான். அடுத்த வாரம் மஸ்கட்டில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பானா என்பது சந்தேகம்தான்.

வீட்டில் கீழ்க்கட்டு அண்ணனுக்கு, மாடி அறை தம்பிக்கு என்று அப்பா சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அதில் தகராறு எதுவும் இல்லை. பெற்ற அம்மா செத்தபோது புனேயிலிருந்து வேதகிரி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் பெட்டியோடு நின்றவனைப் பார்த்து, "கொள்ளி வைக்க வராதவன் கருமாதிச் சாப்பாட்டுக்குச் சரியா வந்துட்டான்" என்றார் தணிகாசலம். பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. வேதகிரி பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. அப்படியே திரும்பிப் போனான்.

அன்றைக்கே மாடி அறைக்குப் பூட்டு விழுந்தது. சாவி தணிகாசலத்தின் அரைஞாணுக்கு வந்தது.

"நேத்துக்கூடச் சொல்லி அனுப்பினேன் அம்மா. வீட்டு வாசப்படி ஏறி வந்து, அண்ணேன்னு ஒரு வார்த்தை மரியாதையாக் கேளு, சாவி உனக்குத்தான்னு. இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?"

"உங்க வீட்டுக் கொல்லையில கருடன் இன்னும் வருதா ஐயா?"

தணிகாசலம் விழித்தார். "வருது."

"வாங்க, பார்க்கலாம்."

வழியெல்லாம் அவர் முணுமுணுத்துக்கொண்டேதான் நடந்தார். தலைபோகிற காரியத்தைக் கேட்டால் பறவை பார்க்கக் கூப்பிடுகிறாரே என்று இருந்தது. ஆனால் கொல்லைப்பக்கம் இலுப்பை மரம் கண்ணில் பட்டதும் மனசு சற்று இளகிவிட்டது. அந்த மரத்தை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான் ஆகும்.

அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதில் கருடன் கூடு உண்டு. இப்போது இருப்பது அந்தப் பழைய கருடன் அல்ல, அதன் கொள்ளுப்பேரனாக இருக்கலாம். அதே செம்பட்டை முதுகு, அதே வெள்ளை நெஞ்சு, அதே சிணுங்கல் குரல். பெற்ற அம்மா மீன் ஆய உட்கார்ந்தால் போதும், எங்கிருந்தோ வந்து தலைக்குமேல் வட்டமிடும். அம்மா கைவேலையை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கன்னம் இரண்டிலும் மீன்செதில் ஒட்டி மினுங்கும். பிள்ளைகள் இருவரும் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பிறகு ஆளுக்கொரு மீன்தலையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவார்கள். அந்த ஓட்டம் எவ்வளவு நன்றாக இருந்தது!

இன்றைக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் அவர் மனைவி செண்பகம். மடத்து அம்மாவைக் கண்டதும் அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இருங்கம்மா, எழுந்திருக்காதீங்க. ரெண்டு மீன்தலை கொடுங்க."

"ஐயையோ, நீங்க இதைத் தொடுவீங்களா?"

"உங்க வீட்டுக்காரர் தொடுவார்."

கொல்லைப்புறப் படிகளில் ஏறி இருவரும் மாடிக்குப் போனார்கள். அறைக்கதவில் பூட்டு துருவேறித் தொங்கியது. அம்மா அதைப் பார்த்தார்.

கருடன் மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

"கொடுங்க ஐயா."

தணிகாசலம் மீன்தலையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். உள்ளங்கையில் வைத்து, கையை நிமிர்த்தி, தலைக்குமேல் ஏந்தி நின்றார். சின்ன வயதிலும் இப்படித்தான் நிற்பார். சாமிப் பறவைக்குக் கொடுப்பதென்றால் ஏந்தித்தானே கொடுக்கவேண்டும்!

கருடன் இறங்கி வந்தது. கைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம் போட்டது. பிறகு மேலே போய்விட்டது.

கை கடுத்தது. அவர் விடவில்லை. பறவை மறுபடி வந்தது, பார்த்தது, போனது. மீன்தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"அந்தக் காலத்துல உங்க கையிலேர்ந்து எடுத்திருக்கா?"

"இல்ல."

"ஒருதடவைகூட?"

"ஒருதடவைகூட இல்ல அம்மா."

"தம்பி கையிலேர்ந்து?"

தணிகாசலம் கையை இறக்கினார். அவர் குரலில் ஒரு சிறுபிள்ளையின் கோபம் இருந்தது.

"அவன் எங்க கையில வச்சான்? வீசி எறிவான். சாமிக்குப் போடுறதை, நாய்க்குப் போடுற மாதிரி எறிவான். மரியாதை தெரியாத பய. எத்தனை தடவை தலையில குட்டியிருக்கேன்! அதுவும் மானங்கெட்டு அவன் எறியறதைத்தான் எடுக்கும்."

"இன்னிக்கு நீங்க எறிஞ்சு பாருங்களேன்."

"நானா?"

"குட்டுறதுக்கு யாரும் இல்ல ஐயா."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கீழே செண்பகம் மட்டும்தான் அண்ணாந்து நின்றாள். கன்னத்தில் ஒருமுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மீன்தலையை வானத்தைப் பார்த்து வீசினார்.

காதருகே காற்று விர்ரென்றது. கண்ணைத் திறந்தபோது கருடன் மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. காலில் மீன்தலை இருந்தது.

தணிகாசலம் ஓவென்று கத்திவிட்டார். சிரித்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "எடுத்துருச்சு, டேய் எடுத்துருச்சுடா!" என்றார். யாரைக் கூப்பிட்டோம் என்று அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. சிரிப்பு நின்றது, கண் நிறைந்துவிட்டது. எத்தனை பகல்கள் இதே சுவரோரம் இருவரும் அண்ணாந்து கழுத்து வலிக்க நின்றிருக்கிறார்கள்! தம்பி இல்லாமல் இந்த மாடிக்கு வருவதே அவருக்குப் பிடிக்காமல் போயிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இத்தனை மரியாதையா ஏந்தி நின்னேனே அம்மா, என்கிட்ட ஏன் வரல?"

"கையில இருக்கிற வரைக்கும் அது உங்களோடதுதானே ஐயா."

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. அரைஞாண் முடிச்சு இறுகிப்போயிருந்தது, நகத்தால் நெம்பித்தான் அவிழ்க்க முடிந்தது. உள்ளங்கையில் சாவி சூடாக இருந்தது.

"மணி நாலாகப் போகுது" என்று செண்பகம் கீழேயிருந்து குரல் கொடுத்தாள். "உங்க தம்பி பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பியிருப்பாரு."

தணிகாசலம் முதல் படியில் கால் வைத்தார், நின்றார், திரும்பினார்.

"நானே போய்க் கொடுத்துடறேன் அம்மா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கொடுத்தா அவன் வீட்டுக்கு வருவானா?"

"கருடன் வருமான்னு கேட்டுட்டா எறிஞ்சீங்க?"