வெண்காடனார் உறங்கிய பகல்

புங்கந்துறை ஆற்றங்கரைச் சிவன் கோயிலில் வௌவால் புழுக்கை கூட்டும் திருப்பணியைத் தமக்கென்று எடுத்துக்கொண்டவர் வெண்காடனார். பூத்தொடுக்கவும் விளக்கேற்றவும் ஆட்கள் போட்டி போட்ட அந்தக் கோயிலில், இந்த வேலைக்கு மட்டும் யாரும் போட்டிக்கு வந்ததில்லை. அவர் விடியுமுன்பே நீராடி, நெற்றி நிறைய நீறு பூசி, "எந்தையே, உன் வீட்டில் குடியிருப்போர் செய்ததை நான் பொறுத்துக்கொள்கிறேன், நான் செய்ததை நீ பொறுத்துக்கொள்" என்று வணங்கிவிட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுப்பார். மேலே தொங்குகிறவை அந்த நீராடலை அரை நாழிகைக்குள் வீணாக்கிவிடும். அதையும் அவர் திருவருள் என்றே துடைத்துக்கொள்வார். ஊரார் அவருக்கு வைத்த பெயர் வௌவால் பண்டாரம்.

உண்மையில் கோயில் வேலைதான் அவருக்கு ஓய்வு. பாடெல்லாம் வீட்டில் இருந்தது.

மனைவியார் காய்ச்சலில் சிவபதம் அடைந்தபோது, அந்த அம்மையாரின் தந்தை மாதேவனாரை அழைத்துப்போக உறவினர் எவரும் வரவில்லை. வெண்காடனார் மாமனாரைத் தம்முடனே வைத்துக்கொண்டார். தம் தந்தை சிங்கனாரும் அதே வீட்டில்தான் இருந்தார். சிங்கனாருக்குக் காது கேளாது. மாதேவனாருக்குக் கண் தெரியாது. முன்னவருக்கு எப்போதும் குளிர், பின்னவருக்கு எப்போதும் புழுக்கம். ஒருவர் சாத்தச் சொன்ன கதவை மற்றவர் திறக்கச் சொல்வார். இரவில் சிங்கனார் இருமி ஓய்ந்ததும் மாதேவனார் தண்ணீர் கேட்பார். மாதேவனார் கண்ணயர்ந்ததும் சிங்கனார், "ஏண்டா, விடிஞ்சிருச்சா?" என்று தெருவே எழும்படி கேட்பார்.

அடுத்த தெருவில் வெண்காடனாரின் அண்ணன் ஐயாறனார் வசதியாக வாழ்ந்தார். எப்போதாவது வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொல்வார்: "பெத்தவருக்குச் செய்யிற புண்ணியம் முழுக்க உனக்கே சேரட்டும் தம்பி. அதுல நான் பங்கு கேட்டு வரமாட்டேன்."

வெண்காடனார் இதை அண்ணனின் பெருந்தன்மை என்று எண்ணி நெகிழ்ந்தார். அவர் அப்படிப்பட்டவர்.

ஆனால் உடம்புக்குப் பெருந்தன்மை தெரியாதே. ஒருநாள் அவர் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றவாறே உறங்கிப்போனார். தூண் என்று நினைத்து ஒரு கிழவி அவர்மேல் மிச்சத் திருநீற்றைத் தடவிவிட்டுப் போனாள். இன்னொரு நாள் கஷாயத்துக்குப் பதில் விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயை மாமனாருக்குக் கொடுத்துவிட்டார். "இன்னைக்குத்தான் மருந்து வாய்க்கு இதமா இருந்துச்சு மாப்பிள்ளே" என்றார் மாதேவனார்.

இவையெல்லாம் சிரிப்போடு போயின. ஆனால், தந்தையாரைக் குளிப்பாட்டித் தூக்கும்போது கை சோர்ந்து இருவரும் கிணற்றடியில் விழுந்த நாளில் சிரிப்பு வரவில்லை. சிங்கனாரின் முழங்கை தோலுரிந்து ரத்தம் கசிந்தது. "ஒண்ணுமில்லடா" என்றார் அவர். மகன் அந்த ரத்தத்தைத் துடைத்தார். அன்று சன்னிதியில் விழுந்து, "எந்தையே, உறக்கமே வேண்டாத உடம்பு ஒன்றைக் கொடு" என்று அழுதார்.

மறுநாள் காலையில் சடைமுடியும் தடியுமாக முதிய அடியவர் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்தார். கஞ்சி வார்த்த வெண்காடனாரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் கோவைப்பழமாட்டம் இருக்கே. கோயில்ல போய்ப் படு அப்பனே. இவங்க ரெண்டு பேரையும் இன்னைக்கு நான் பாத்துக்கறேன்."

"அடியார் கையால வேலை வாங்கறதா? பாவம் சாமி."

"நீ விழுந்துட்டா இவங்களை யாரு தூக்குவா? அதுமட்டும் பாவமில்லையா?"

வெண்காடனாருக்கு முந்திய நாளின் ரத்தம் நினைவுக்கு வந்தது. சரியென்று தலையாட்டினார். பிறகு செய்ய வேண்டியதைச் சொல்லத் தொடங்கினார், பேச்சு நிற்கவில்லை. யாருக்குக் கஞ்சி சூடாக, யாருக்கு ஆறி. யாருக்கு எந்தத் தைலம். யார் கோபித்தால் எதைச் சொல்லித் திருப்ப வேண்டும்... அடியவர் கொட்டாவி விட்டார்.

"நான் இதைவிடப் பெரிய குடும்பம் நடத்தறவன்பா. நீ போ."

வெண்காடனார் மண்டபத்துக் கல்தரையில் சற்றே சாய்ந்தார். அவ்வளவுதான். மேலே தொங்கிய வௌவால்கள் அன்று மட்டும் அவர்மேல் ஒன்றும் போடவில்லை.

வீட்டிலோ, பெரிய குடும்பம் நடத்துகிறவர் திண்டாடிக்கொண்டிருந்தார். கஞ்சி கொதிக்கிறது என்று மாதேவனார் துப்பினார். அது அடியவரின் மேலாடையில் விழுந்தது. சிங்கனாரிடம் ஒன்றைக் கத்திச் சொன்னால், அவர் வேறொன்றுக்குப் பதில் சொன்னார். கதவைச் சாத்தியும் திறந்தும் அடியவரின் தோள் இற்றுப்போயிற்று. நடமாடுவது மாப்பிள்ளையின் காலடி அல்ல என்று கண்டுகொண்ட மாதேவனார், "திருடன்! திருடன்!" என்று கைத்தடியை வீச, அது சரியாக இடுப்பில் பட்டது. அந்த நொடியில் பிரபஞ்சத்தில் எல்லா உயிருக்கும் இடுப்பு வலித்திருக்கும். எதனால் என்றுதான் எவருக்கும் தெரியாது.

கால் பிடித்துவிடும்போதுதான் அதிசயம் நடந்தது. "இவனுக்குக் கால் புடிக்கவே தெரியலை" என்றார் சிங்கனார். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றார் மாதேவனார். ஒரே வீட்டில் இருந்த இத்தனை காலத்தில் இரு முதியோரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

மாலைப் பூசைக்கு நடை திறந்த குருக்கள் அலறினார். சிவலிங்கத்தின் பட்டில் கஞ்சிக் கறை. கருவறை முழுக்க மூட்டுவலித் தைலத்தின் நெடி. ஊர் கூடிவிட்டது. ஐயாறனாரும் ஓடி வந்தார். "யாருடா இந்த அக்கிரமம் பண்ணது?" என்று குருக்கள் கேட்ட வேளையில் கருவறைக்குள்ளிருந்து களைத்த குரல் ஒன்று எழுந்தது.

"சத்தம் போடாதீர். பூசை சற்றுப் பொறுக்கட்டும். நான் கொஞ்சம் படுக்க வேண்டும்."

எல்லாரும் கைகூப்பி நடுங்கினர். குரல் தொடர்ந்தது: "வெண்காடன் செய்வதை ஒரு பகல் செய்து பார்த்தேன். என்னாலேயே முடியவில்லை. அவனை ஒருவனாக விட்டுவிட்டு, இங்கே வந்து எனக்குப் பால் ஊற்றுகிறீர்களே! முறை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். முதல் முறை ஐயாறன்."

அந்த ஆரவாரத்தில் கண்விழித்த வெண்காடனார், நடந்ததைக் கேட்டு, "அடியேன் தூங்கி, நீ அடிபட்டாயா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"நீ கேட்ட உடம்பை நான் தருவதாக இல்லை" என்றது குரல், இப்போது தாயின் குரல்போல. "உறங்குகிற இந்த உடம்புதான் எனக்கு வேண்டும். அதையும் என்னுடையது என்று எண்ணிப் பார்த்துக்கொள்."

வெண்காடனார் வீட்டுக்கு ஓடினார். அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்த ஐயாறனார், தந்தையின் காலைப் பிடித்தபடி, இரு பக்கமும் வசவு வாங்கிக்கொண்டிருந்தார். "இவனும் காலையில வந்தவனை மாதிரியேதான்" என்றார் மாதேவனார்.

சிங்கனார் இளைய மகனை அருகே அழைத்து, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தூங்கினியாடா? இப்பத்தான் என் புள்ளையோட முகம் மாதிரி இருக்கு."

வெண்காடனார் தந்தையின் மடியில் தலை வைத்து அழுதார். அழுதபடியே மறுபடியும் உறங்கிப்போனார். அந்த இரு முதியோரும் விடியும்வரை தண்ணீர் கேட்கவில்லை.

பெற்றோரைத் தாங்கிய தோளுக்கும் இளைப்பாறும் உரிமை உண்டென்று, தம் இறைவரையே இடுப்பொடிய வைத்து உலகுக்கு உணர்த்திய வெண்காடனாரின் மலர்த்தாள் நம் சென்னிமேல் நிலைப்பதாக.